செருப்புத் தேடும் பேய்

வலது முழங்கால்தான் முதலில் கோபித்துக்கொள்ளும், இடதுக்குக் கொஞ்சம் பொறுமை அதிகம். சாயங்காலம் ஐந்து மணிக்குக் கதவு திறந்தால் இப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்க வேண்டும், இருட்டில், ஒரு செருப்புக் குவியலுக்கு முன்னால், வருகிறவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. பேய்க்கு மூட்டுவலி என்று வெளியே சொன்னால் பொருட்காட்சியே சிரிக்கும். ஆனால் இந்தத் தங்கபுஷ்பத்துக்கு, எனக்கு, நாற்பத்தொன்பது வயது, பேயாக இருந்தாலும் நாற்பத்தொன்பதுதான். பிளைவுட் சுவரில் காதை வைத்தால் பக்கத்து அறையில் பிளெஸ்ஸி தொண்டையைச் செருமுவது கேட்கிறது. அவள் மாலைக்காரி. போன தீபாவளிக்கு வந்த படத்தில் கல்யாணக் கோலத்தோடு செத்துப்போய் அந்த மாலையைத் தேடி அலைகிற பேய், ஊர் முழுக்கச் சுவரொட்டியில் பார்த்த முகம். என்னை எந்தச் சுவரொட்டியிலும் யாரும் பார்த்ததில்லை. நான் லுங்கி கட்டி, கட்டம் போட்ட சட்டை போட்டு, தலையில் துண்டு சுற்றிய ஓர் ஆம்பளை முதுகு, அவ்வளவுதான். அந்த முதுகு செருப்புக் குவியலில் கைவிட்டுத் துழாவும். ஒன்றை எடுக்கும், பார்க்கும், போடும். இன்னொன்றை எடுக்கும். உள்ளே வந்தவர்கள் என்னடா இது என்று நிற்கும்போது ஒரு ஜோடி கிடைத்துவிடும். காலில் மாட்டிக்கொண்டு எழுந்திருக்கும், பாதி திரும்பும், "போயிட்டு வாரேன்" என்று சொல்லும். சொல்லிவிட்டு நிற்கும். நீல விளக்கு பின்னால் இருப்பதால் முகம் தெரியாது. கத்தாது, துரத்தாது, நாக்கைத் தொங்கப் போடாது. இன்றைக்கு ஏழு மணிக்குள் இது செத்துப்போகும் போலிருக்கிறது. செத்ததை எப்படித் திரும்பச் சாகடிப்பது என்றால் அது செண்பகராஜுக்குத்தான் தெரியும்.

செண்பகராஜ் இந்தப் பேய் வீட்டுக்கு முதலாளி, முப்பது வயசுப் பையன், போன ஆவணியில் அவனுடைய அப்பா தவறிய பிறகு எல்லாம் அவன் கைக்கு வந்தது. கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன், அதுதான் சங்கடம். மூன்று மணிக்கு நான் மாலைக்காரியின் கிழிந்த முந்தானையைத் தைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றான். "அக்கா, கோவிச்சுக்கிடாதீங்க. ஜனத்துக்குத் தெரிஞ்ச பேயா இருக்கணும்க்கா. தெரியாத பேயைப் பாத்து எப்படிப் பயப்படுவான்?" என்றான். மதுரையில் இன்னொரு மாலைக்காரி உடுப்பு தைக்கக் கொடுத்திருக்கிறானாம், இன்றைக்கு பஸ்ஸில் வருகிறதாம், நாளையிலிருந்து கடைசி அறையிலும் அவள்தானாம். "கடைசி ரூம்லதாங்க்கா சத்தம் வரணும். உங்க ரூம்ல சத்தமே வரமாட்டேங்குது. நீங்களே அந்த உடுப்பைப் போட்டுக்கிடுங்க, உங்களை எங்கயும் போகச் சொல்லல." போகச் சொல்லவில்லை, சரி. ஆனால் போகிறது நான் இல்லையே தம்பி. அதை எப்படி அவனிடம் சொல்ல? "இன்னிக்கு ஒரு நாள் குடுங்க" என்று மட்டும் கேட்டேன், கெஞ்சின மாதிரிதான் வந்தது குரல். "சரிக்கா, நான் வெளிவாசல்ல நிக்கேன். ஏழு மணிக்குள்ள உங்க ரூம்லேருந்து நல்லா ஒரு அலறல் கேட்டுச்சுன்னா இருக்கட்டும்." அதனால்தான் இப்போது முழங்காலையும் மறந்து காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. சினிமாப் பேயைப் பார்த்ததும் ஜனம் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது, சொந்தக்காரியைக் கல்யாண வீட்டில் பார்த்த மாதிரி. ஆனால் தெரியாத பேய் என்றானே, அங்கேதான் எனக்கு இடிக்கிறது. என் பேயைவிடத் தெரிந்த பேய் எது? காலையில் எட்டரை மணிக்கு வீட்டுக்கு வீடு வாசலில் நின்று செருப்பைத் தேடிக்கொண்டிருக்கிறதே.

முதல் கூட்டம் வந்துவிட்டது. பாலிடெக்னிக் பையன்களாக இருக்க வேண்டும், ஆறேழு பேர், பக்கத்து அறையில் படத்துப் பாட்டை அவர்களே பாடுகிறார்கள். "என் மாலை எங்கே" என்று பிளெஸ்ஸி கேட்க, "பூக்கடையில இருக்கு தாயி" என்கிறான் ஒருவன். சிரிப்பு. செல்போன் விளக்கு பிளைவுட் இடுக்கு வழியாக வந்து என் கையில் விழுகிறது. ஒருவன் கத்துகிறான், பயத்தில் இல்லை, பழக்கத்தில், படத்தில் அந்த இடத்தில் கத்த வேண்டும் என்று தெரிந்து கத்துகிறான். அதுவும் செண்பகராஜ் காதில் அலறல்தான். பிறகு திரையை விலக்கிக்கொண்டு என் பக்கம் வருகிறார்கள், சிரிப்பு இன்னும் வாயில் இருக்கிறது. நான் துழாவுகிறேன். ரப்பர் செருப்பு, வார் அறுந்தது, பெண்பிள்ளைச் செருப்பு. "இது எந்தப் படம்டா?" "தெரியலடா. யாருடா இவரு?" "செருப்பைத் தேடுறாருடா." "டேய், நம்ம செருப்பு இருக்கா பாரு." சிரிப்பு குறைகிறது. கைக்கு அந்த ஜோடி அகப்பட்டுவிட்டது, எந்த இருட்டிலும் எனக்குத் தெரியும், இடது குதிகால் பக்கம் தேய்ந்தது, பெருவிரல் பள்ளம் ஆழமானது. போட்டுக்கொள்கிறேன். எழுந்து, பாதி திரும்பி, அந்த 'வாரே'யைக் கொஞ்சம் இழுத்து, போயிட்டு வாரேன். நிற்கிறேன். ஒன்றுமில்லை, ஒரு சத்தமில்லை. அப்புறம் ஒருவன், குரல் உடைந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும், "ஆங், போயிட்டு வாங்கண்ணே" என்கிறான். அவனுக்கே தெரியாமல் வந்துவிட்டது. அடுத்த நொடி இன்னொருவன் மெல்ல, "டேய், என்னடா சொன்ன? பேயைப் போய் வாங்கன்னு சொல்லிட்டியேடா." யாரும் சிரிக்கவில்லை. ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு வெளியே போகிறார்கள். நல்ல பிள்ளைகள், ஆனால் ஒருத்தன் அலறியிருக்கலாம்.

அலற மாட்டார்கள். போன வருஷமே அது எனக்குத் தெரியும். போன பங்குனிப் பொங்கலுக்கு இந்தப் பேய் வீட்டுக்கு உடுப்பு தைக்கத்தான் வந்தேன், தையல்தானே என் பிழைப்பு. கடைசி அறை எலும்புக்கூட்டு வேஷக்காரருக்கு வயிறு சரியில்லாமல் போய், செண்பகராஜின் அப்பா, "ஏம்மா, நீ கொஞ்ச நேரம் ஏதாச்சும் செஞ்சு சமாளி" என்று என்னை உள்ளே தள்ளினார். போட்டுக்கொள்ள ஒன்றுமில்லை. வெட்டுத்துணிப் பையைத் துழாவினேன், அடியில் இந்தச் சட்டை இருந்தது. ஏன் அதை அந்தப் பையில் வைத்திருந்தேன் என்று கேட்டால், வீட்டில் வைக்கக் கூடாது என்று எல்லோரும் சொன்னார்கள், அதனால் வீட்டில் வைக்கவில்லை, பையில் வைத்தேன். பை வீட்டில் இருந்தது. அவ்வளவு புத்திசாலி நான். சட்டையைப் போட்டதும் கை தானாகத் தரையில் செருப்பைத் தேட ஆரம்பித்தது. வாய் தானாக அதைச் சொன்னது. முன்னால் நின்ற ஒரு பருத்த மனிதர், பெண்டாட்டி பிள்ளைகளோடு வந்தவர், "ஆங், போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு அப்படியே நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். அன்றைக்கு நான் அந்த மூலையில் உட்கார்ந்து அழுதேன். அடுத்து வந்த கூட்டம் அந்த அழுகைக்குப் பயந்ததாகச் சொன்னார்கள். நான் வெளியே வந்ததும் செண்பகராஜின் அப்பா, "இந்தப் பேயை எங்கருந்தும்மா பிடிச்ச? வேற எங்கயும் கிடைக்காது. வச்சுக்கோ" என்றார். எங்கிருந்து என்று அவரிடம் சொல்லவில்லை. பிளெஸ்ஸியிடமும் சொல்லவில்லை.

சொல்ல என்ன இருக்கிறது, ஒரு பொத்தான். இந்தச் சட்டையில் மேலிருந்து இரண்டாவது பொத்தான், எல்லாம் வெள்ளை நூலில் இருக்க இது மட்டும் கறுப்பு நூலில் நிற்கிறது. இப்போதும் விரல் அங்கேதான் போகிறது. அவர் பருப்பு மில்லில் வேலை பார்த்தார். அருஞ்சுனை என்று பெயர், இருந்தவரைக்கும் அந்தப் பெயரை நான் வாயால் சொன்னதில்லை, இப்போது மனசுக்குள் சொல்கிறேன், ஏங்க அருஞ்சுனை. ஒரு வாரமாகப் பொத்தானை வைத்துக் கொடு என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஊருக்கெல்லாம் தைக்கிறவள் வீட்டில்தான் பொத்தான் இல்லாத சட்டை. அன்றைக்கு ஒரு சடங்கு வீட்டு ஜாக்கெட் பத்து மணிக்குக் கொடுத்தாக வேண்டும். சட்டையைக் கொண்டுவந்து மிஷின் மேலேயே வைத்தார். எனக்குச் சுர்ரென்று வந்தது. ஊசியில் என்ன நூல் கிடந்ததோ அதிலேயே வைத்துக் கடித்துக் கொடுத்தேன். "வெள்ளை நூல் இல்லையோ?" என்றார். குற்றமாகக்கூட இல்லை, சும்மா கேட்டார். "வேணும்னா போடுங்க, வேண்டாட்டி கழத்தி வைங்க" என்றேன். போட்டுக்கொண்டார். அப்புறம் செருப்பு. "செருப்பை எங்க வச்ச?" கதவுக்குப் பின்னால் இருந்தது. பெருக்கும்போது நான்தான் தள்ளியிருந்தேன், எனக்குத் தெரியும், அங்கே என்று ஒரு வார்த்தை, தலையை ஆட்டினால்கூடப் போதும். ஆட்டவில்லை. தேடட்டும் என்று மிஷினை மிதித்தேன். குனிந்து தேடினார், கட்டிலுக்கு அடியில், குடத்துக்குப் பக்கத்தில், கடைசியில் கண்டுபிடித்தார். மாட்டிக்கொண்டு, வாசலில் பாதி திரும்பி, "போயிட்டு வாரேன்." நின்றார். இருபத்தாறு வருஷமாக இந்தப் பக்கத்திலிருந்து போயிட்டு வாங்க என்று ஒன்று போக வேண்டும், அது போனால்தான் கால் படியிறங்கும். நான் மிதித்துக்கொண்டே இருந்தேன். ஜாக்கெட்டின் கை ஒன்று முழுசாகத் தைத்து முடிகிற நேரம் நின்றார். பிறகு படியிறங்குகிற சத்தம். பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தவர் அப்படியே இருந்திருக்கிறார். இரண்டு பஸ் வந்து போயிருக்கிறது, தூங்குகிறார் என்று நினைத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் சட்டையையும் செருப்பையும் ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்கள். மூன்று வருஷம் ஆயிற்று. போறேன் என்று அவர் சொல்லவில்லை, அதை நம் பக்கத்தில் யார் சொல்வார்கள், வாரேன் என்றுதான் சொன்னார். பேய்க்கு வாக்கப்பட்டா முருங்கை மரம் ஏறித்தான் ஆகணும் என்பார்கள். நான் ஏறத் தயாராகத்தான் இருந்தேன். வந்தால்தானே. எல்லோரும் பேய் வந்துவிடுமோ என்று பயப்படுகிறார்கள், எனக்கு வரவில்லையே என்று கோபம். பதில் சொல்லாதவள் வீட்டுக்கு ஏன் வர வேண்டும் என்று நினைத்திருப்பார். ரோஷக்காரர், வெளியே தெரியாது.

அடுத்தது ஓர் அம்மாவும் இடுப்பில் ஒரு சின்னதும், பின்னால் இன்னும் சிலர். "மாலைக்காரி அக்கா அழகா இருக்காங்கம்மா" என்று சின்னது சொல்லிக்கொண்டே வருகிறது. திரை விலகுகிறது. நான் துழாவுகிறேன். "அம்மா, அந்தத் தாத்தா என்ன தேடுதாங்க?" "பேசாம வா." "செருப்பைத் தேடுதாங்கம்மா. நீ எடுத்துக் குடேன்." நீ எடுத்துக் கொடேன். நாலு வயசுக்குத் தெரிகிறது. எழுந்து, திரும்பி, போயிட்டு வாரேன். நிற்கிறேன். "போயிட்டு வாங்க" என்று அந்த அம்மா அடுப்படியிலிருந்து சொல்கிற மாதிரியே சொல்லிவிட்டாள், சொன்னதும் "மாரியாத்தா" என்று பிள்ளையை இறுக்கிக்கொள்கிறாள். பிள்ளை மட்டும் கை ஆட்டுகிறது, "டாட்டா. பாத்துப் போங்க." அவர்கள் வெளியே போன பிறகும் இருட்டில் அந்தக் கை ஆடிக்கொண்டே இருக்கிற மாதிரி இருந்தது. இன்றைக்கு இரண்டு ஆயிற்று. ஒரு நாளைக்கு எத்தனை பேர் அவருக்குப் பதில் சொல்கிறார்கள், முகம் தெரியாதவர்கள், வாய் தவறிச் சொல்லிவிட்டு நாக்கைக் கடிக்கிறவர்கள். நான் சொல்லாமல் விட்டதை ஊர் கூடிச் சொல்கிறது. நாளைக்கு இந்த அறையில் மாலையும் பாட்டும் வந்துவிட்டால் அவர் வாசலிலேயே நிற்பார். யார் போயிட்டு வாங்க என்று சொல்வது?

"அக்கா." வெளிவாசல் பக்கத்திலிருந்து பிளைவுட்டில் தட்டுகிறான் செண்பகராஜ். "ஒண்ணும் கேக்கலியேக்கா. அந்தப் பக்கம் சத்தம் பிச்சுக்கிட்டுப் போகுது. ஏதாச்சும் பண்ணுங்க." அவன் குரலில் எனக்காகத் தவிப்பு இருந்தது, அதனால்தான் எனக்குப் பயம் வந்தது. ஏதாச்சும் பண்ணுங்க. என்ன பண்ண? அடுத்த கூட்டம் திரையை விலக்குகிறது, தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள் போல, ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்துக்கொண்டு. நான் செருப்பைத் தேடவில்லை. சட்டென்று எழுந்து கையைத் தூக்கிக்கொண்டு ஹா ஹா ஹா என்று சிரித்தேன், சினிமாவில் சிரிக்கிற மாதிரி. சிரித்தது என் காதுக்கே கோழி கத்தின மாதிரி இருந்தது. ஒரு நிமிஷம் பார்த்தார்கள். "ஏ, அண்ணாச்சிக்கு இருமலுடி" என்றாள் ஒருத்தி. அப்படியே விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒருத்தி மிட்டாய் இருக்கிறது வேண்டுமா என்று கேட்டாள். சிரித்துக்கொண்டே போய்விட்டார்கள், நான் அந்தச் சட்டையோடு கையைத் தூக்கினபடி நிற்கிறேன். அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு அவரைக் கோமாளி ஆக்கிவிட்டேன். ஒரு கூட்டம் முழுக்கப் போயிற்று, யாரும் அவரை வழியனுப்பவில்லை, நானே அதையும் கெடுத்தேன். அன்றைக்கும் பத்து மணி ஜாக்கெட்டுக்குப் பயந்து செய்தேன், இன்றைக்கும் ஏழு மணிக்குப் பயந்து செய்தேன். பயந்தால் எனக்குப் புத்தி வேலை செய்யாது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள், அரண்ட பேய்க்கு என்ன தெரியும் என்று யாரும் சொல்லி வைக்கவில்லை.

தொண்டை வறண்டுவிட்டது. சட்டையையும் லுங்கியையும் துண்டையும் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, சேலையை உதறிக்கொண்டு பின்வாசல் வழியாக வெளியே வந்தேன். வெளிச்சம் இன்னும் இருந்தது, ராட்டினம் மஞ்சள் வெயிலில் சுற்றிக்கொண்டிருந்தது, டெல்லி அப்பளத்தை முகத்தைவிடப் பெரிசாகப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் நடந்தார்கள். குழாயில் தண்ணீர் குடித்தேன். செண்பகராஜ் ஒரு பெரிய கவரோடு வந்தான். "வந்துருச்சுக்கா" என்று பாதி திறந்து காட்டினான், சிவப்புப் பட்டு மாதிரி ஒன்று, ஜரிகை, காகிதப் பூ மாலை. தையல்காரி புத்தி, விரலால் விளிம்பைத் தடவிப் பார்த்தேன், ஓரம் அடிக்கவே இல்லை. "நல்லாத்தான் இருக்கு தம்பி" என்றேன். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "அப்பா இருந்தா இந்த ரூமை எடுக்க விட்டிருக்க மாட்டாரு. அவருக்கு உங்க பேய்னா ஒரு இது. எனக்கும் ஆசையாக்கா எடுக்கணும்னு?" திறந்த கவரை நானே மடித்து மூடினேன். பின்வாசலில் ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றிக்கொண்டிருந்தார்கள், வழி இல்லை. "வாங்க, முன்னால போவோம். நானும் உள்ள பாத்து நாளாச்சு" என்று கூட வந்தான்.

அப்படித்தான் நான் முதல் தடவையாக என் பேய் வீட்டுக்குள் வாசல் வழியாக, வருகிறவள் மாதிரி நடந்தேன். எலும்புக்கூடு பெட்டியிலிருந்து எழுந்தது, அதன் இடுப்புக் கம்பி கிறீச் என்றது, எண்ணெய் விட வேண்டும். மாலைக்காரி அறையில் பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பிளெஸ்ஸி இல்லை. மாலை ஸ்டூலில் கிடந்தது. "இந்தப் பிள்ளை எங்க போச்சு?" என்றான் செண்பகராஜ் என் முதுகுக்குப் பின்னால். நான் திரையை விலக்கினேன். நீல விளக்கு. குத்துக்காலிட்டு ஒரு முதுகு. கட்டம் போட்ட சட்டை, தலையில் துண்டு. கை செருப்புக்குள் போய் ஒன்றை எடுத்து, பார்த்து, போடுகிறது. பிளெஸ்ஸிதான். எனக்குத் தெரியும். நான் வெளியே போயிருந்தபோது கூட்டத்தை உள்ளே விட்டிருப்பார்கள், சோதனை நாளில் என் அறை காலியாக இருக்கக் கூடாது என்று இடுக்கு வழியாக ஓடி வந்து சட்டையை மாட்டியிருப்பாள், எங்கள் காலடிச் சத்தத்தைக் கேட்டு இன்னொரு கூட்டம் என்று நினைத்திருப்பாள். இவ்வளவும் தெரியும். தெரிந்துகொண்டே, நாற்பத்தொன்பது வயசில், என் கால் நகரவில்லை. இத்தனை நாள் இந்த முதுகுக்குள் நான் இருந்தேன், அதனால் இந்த முதுகை நான் பார்த்ததே இல்லை. சட்டை தோளில் எப்படித் தொங்கும் என்பதை மறந்திருந்தேன். இடது கை தரையில் ஊன்றியிருந்தது. கை அங்கே தேடியது, இங்கே தேடியது, தேய்ந்த குதிகால் கிடைத்தது. மாட்டிக்கொண்டு எழுந்தது. பாதி திரும்பியது. முகம் இல்லை, இருட்டுதான். "போயிட்டு வாரேன்." அந்த இழுப்பு. அவர் இழுத்ததை நான் இழுத்து, நான் இழுத்ததைப் பிளைவுட் வழியாக அவள் நாள்தோறும் கேட்டு இழுக்கிறாள், குரல் வேறே, இழுப்பு அதேதான். நின்றது. அவ்வளவு நேரம் நின்றது. எங்கோ ஒரு மிஷின் ஓடியது, டீசல் ஊற்றி முடித்த ஜெனரேட்டராக இருக்கும். "செருப்பு கதவுக்குப் பின்னாலதாங்க இருந்துச்சு" என்றேன். என் குரல்தான், எவ்வளவு சாதாரணமாக இருந்தது. "எனக்குத் தெரியும். போயிட்டு வாங்க." நான் சொல்லி முடிக்கிற அதே நேரத்தில் என் தோளுக்குப் பின்னால் இன்னொரு குரல், சின்னப்பிள்ளை மாதிரி, "போயிட்டு வாங்கப்பா" என்றது. அந்த 'ப்பா' பேச்சோடு பேச்சாக வந்ததா, அப்பாவுக்குப் போனதா, நான் கேட்கவில்லை. கேட்கிற விஷயமா அது.

செண்பகராஜ் செல்போன் விளக்கைப் போட்டான். சட்டைக்கு மேலே மாலைக்காரியின் மாவு பூசிய முகமும் பெரிய சிவப்புப் பொட்டுமாகப் பிளெஸ்ஸி திருதிருவென்று விழித்தாள். "அக்கா, நீங்களா? ஆளு வந்துட்டாங்கன்னு... நீங்க இல்லன்னு..." அப்புறம் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்து நிறுத்திக்கொண்டாள். செண்பகராஜ் விளக்கைத் தரைக்குத் திருப்பினான். செருப்புகளைப் பார்த்துக்கொண்டே, "அக்கா, இவரு யாருக்கா?" என்றான். யாரு, என்றேன் நான், தெரியாத மாதிரி. "இந்தச் செருப்புத் தேடுற ஆளு." "எங்க வீட்டுக்காரரு" என்றேன். மூன்று வருஷத்தில், 'இருந்தவர்' என்று சேர்க்காமல் சொன்னது இதுதான் முதல். அவன் கொஞ்ச நேரம் மூக்கை உறிஞ்சினான். "இருக்கட்டும்க்கா" என்றான். "கத்தாட்டிக் கத்தாமப் போறாங்க. இந்த ரூம் இருக்கட்டும்." கவரைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான், உடுப்பு வாங்கிவிட்டானே. எனக்கு அவனைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் வந்தது. "அதை இங்க குடுங்க தம்பி" என்றேன்.

பிளெஸ்ஸி சட்டையைக் கழற்றப் போனாள், வேண்டாம் என்று கையைப் பிடித்தேன். "நீ நல்லா நிக்கே. அவ்வளவு நேரம் நிக்கணும்னு உனக்கு யாரும் சொல்லித் தரலியே. எனக்கு முழங்கால் வலிக்கி, நீயே இரு. அந்த ரெண்டாவது பொத்தானை மட்டும் பிடிச்சு இழுத்துராத." அவள் சட்டையைக் குனிந்து பார்த்தாள். "கறுப்பு நூலா இருக்கேக்கா, மாத்திருவோமா?" "மாத்தாத." மாலைக்காரி அறையில் அவளே எனக்குச் சிவப்புச் சேலையைச் சுற்றிவிட்டாள், மாவு பூசினாள், காகிதப் பூவைத் தலையில் வைத்தாள், மாலையைக் கழுத்தில் போட்டாள். குங்குமத்தைக் குழைத்துக்கொண்டு என் நெற்றிக்கு நேரே கையைக் கொண்டுவந்தவள் சட்டென்று நின்றாள். தெரு என்ன சொல்லும், என் நாத்தனார் என்ன சொல்வாள் என்றெல்லாம் அந்தப் பிள்ளைக்கும் தோன்றியிருக்கும். "வைடி" என்றேன். "பேய்க்கு யாரு தடை சொல்லுவா?" வைத்தாள். ஈரமாக, குளிர்ச்சியாக, நெற்றியில் அந்த இடம் இன்னும் அப்படியே இருந்தது.

மறுபடி கூட்டம். அவள் இடுக்கு வழியாக அந்தப் பக்கம் ஓடிவிட்டாள், நான் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறேன், முழங்காலுக்கு என்ன சுகம். திரை விலகுகிறது. "என் மாலை எங்கே" என்று கேட்கிறேன், மாலை கழுத்தில் கிடக்கிறது, படத்திலும் அப்படித்தானாம். "ஏ, மாலைக்காரிக்கு வயசாயிப்போச்சுடா" என்று ஒருவன் கத்துகிறான், எல்லோரும் சிரிக்கிறார்கள், படம் எடுக்கிறார்கள், ஒரு பெண் அலறவும் செய்கிறாள், வெளியே செண்பகராஜ் கேட்டிருப்பான். நானும் கொஞ்சம் சிரித்துக்கொள்கிறேன், பேய் சிரிக்கலாம். பிறகு அவர்கள் அடுத்த திரைக்குள் போகிறார்கள். நான் பிளைவுட் சுவரில் காதை வைக்கிறேன், பூ நசுங்குகிறது. "இது எந்தப் படம்?" "யாரு இது?" ரப்பர் செருப்பு ஒன்று விழுகிறது. இன்னொன்று விழுகிறது. தேடட்டும் என்று இந்தத் தடவை நான் நினைக்கவில்லை, கதவுக்குப் பின்னால, கதவுக்குப் பின்னால என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். கிடைத்துவிட்டது. மாட்டிக்கொள்கிற சத்தம். "போயிட்டு வாரேன்." அங்கே யாரும் இன்னும் வாய் திறக்கவில்லை, அதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"போயிட்டு வாங்க. மெதுவா வாங்க, நான் இங்கதான் இருக்கேன்."